படுக்கையில் வீழ்ந்தோர்க்கு நாம் பட்ட கடன்

பக்கவாதத்தால் வீழ்ந்த முதியவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது அவருடைய குடும்பத்தாரிடம் ஒரு சீட்டு தரப்படுகிறது. இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எந்த மாத்திரையை எந்த வேளை தரவேண்டும், மறுபடி எந்நாள் வரவேண்டும் என்பன அதில் இருக்கும். மலம் ஒழுங்காகக் கழிகிறதா, கழியாவிட்டால் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்ற குறிப்பை அச்சீட்டில் காண்பது அரிது. ஆனால் வீட்டுக்கு வந்த நான்காம் நாளே அக்குடும்பத்தை வாட்டத் தொடங்கும் இடர் இதுதான். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பக்கவாத நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மலச்சிக்கலுக்கு ஆளாகின்றனர். இருவரில் ஒருவரைப் பற்றும் துன்பத்தைச் சில்லறைத் தொல்லை என்று தள்ளிவைக்கும் மருத்துவம் தன் கடமையைப் பாதியில் விட்ட மருத்துவமே ஆகும்.

நகரத்து நோயாளிக்கே இந்நிலை என்றால், மலைமேல் வாழும் முதியவர் நிலை என்ன? ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை, 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்னும் மூன்று மாவட்ட நிர்வாகங்களின் கீழ் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு, பீஞ்சமந்தை என அதன் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. மலையாளி என்னும் பழங்குடி மக்களே இங்குப் பெரும்பான்மையினர். சாலை எட்டிய ஊர்களும் உண்டு. சாலை நின்றுபோன இடத்திலிருந்து கால்நடையாக ஏற வேண்டிய குக்கிராமங்களும் உண்டு. 2023 மே மாதத்தில் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய குழந்தை உயிரிழந்தது. வண்டி செல்லும் வழியில்லாமையால் அக்குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடந்த செய்தி நாடறிந்தது.

இத்தகைய இடத்தில் ஒருவருக்குக் கையும் காலும் விழுந்துபோனால், உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கு மருத்துவம் வகுத்திருக்கும் நாலரை மணி நேரத்தில் பெரும்பகுதி, அவரைத் தூளியில் கிடத்தித் தார்ச்சாலைக்குக் கொண்டுசேர்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. எஞ்சிய நேரம் மலைச்சாலை வளைவுகளில் தீர்கிறது. ஆகவே உயிர் பிழைத்து மலைக்குத் திரும்புவோரில் பலர், ஒரு பக்கம் செயலற்ற உடலோடுதான் திரும்புகின்றனர். அவர்களுக்கு அடுத்து நேரும் இன்னலைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மலச்சிக்கல் ஏன் வருகிறது? மூளையிலிருந்து குடலுக்குச் செல்லும் நரம்புக் கட்டளைகள் பழுதுபடுவது ஒரு காரணம். பெருங்குடலின் அசைவு மந்தமாகிறது. முக்கி வெளியேற்றும் வயிற்றுத் தசைகள் வலுவிழக்கின்றன. உடல் அசையாது கிடப்பது இரண்டாவது காரணம். நேற்றுவரை ஆட்டை ஓட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கியவர், இன்று கயிற்றுக் கட்டிலில் புரண்டு படுக்கவும் பிறர் துணையை நாடுகிறார். விழுங்கும் ஆற்றல் குறைவது மூன்றாவது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. புரையேறுமோ என்ற அச்சத்தில் வீட்டார் தண்ணீரைக் குறைக்கின்றனர். காயும் கீரையும் மென்று தின்ன முடியாது என்று, வடித்த ரேஷன் அரிசிக் கஞ்சியை மூன்று வேளையும் ஊட்டுகின்றனர். நீரும் நாரும் ஒருங்கே குறைந்தால் மலம் இறுகாமல் என்ன செய்யும்?

நான்காவது காரணம் மாத்திரைச் சீட்டிலேயே ஒளிந்திருக்கிறது. சோகைக்குத் தரும் இரும்புச்சத்து, எலும்புக்குத் தரும் கால்சியம், நரம்புவலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கடும் வலிக்குத் தரும் டிரமடால், இரத்த அழுத்தத்துக்குத் தரும் வெரபமில் போன்ற மருந்துகள், சிறுநீர் அடக்க இயலாமைக்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியன மலத்தை இறுக்கும் இயல்புடையவை. நீர்பிரிக்கும் மாத்திரை உடலின் நீரைக் குறைத்து அதே கேட்டைச் செய்யும். இவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவர் கையில் உள்ளவை. ஆனால் இத்தனையையும் எழுதிக்கொடுத்தவர், அவற்றின் விளைவையும் கேட்டறியக் கடமைப்பட்டவர்.

ஐந்தாவது காரணம் எந்த நூலைக் காட்டிலும் வீட்டுத் திண்ணையில் தெளிவாகத் தெரியும். கழிப்பறை இருந்தால் அது வீட்டுக்கு வெளியே, படியிறங்கிப் போகும் இடத்தில் இருக்கும். தரையோடு தரையாகப் பதித்த பீங்கானில் குந்த வேண்டும். இல்லையெனில் ஓடைப்பக்கமோ காட்டுப்பக்கமோ போக வேண்டும். ஒரு கால் விழுந்தவரால் குந்த முடியாது. குந்தினால் எழ முடியாது. இருவர் இரு தோளையும் தாங்கினால்தான் ஆகும். பகலில் மகனும் பேரனும் காட்டு வேலைக்கோ கூலிக்கோ போய்விடுவர். வீட்டில் இருப்பவள் மருமகள். அவளிடம் ‘வெளிக்கு வருகிறது’ என்று சொல்ல மாமனாருக்கு நா எழாது. பேச்சே குழறிப்போனவராயின் சொல்ல விரும்பினாலும் சொல்ல இயலாது. உணர்வு வரும்போதெல்லாம் அடக்குகிறார். அடக்க அடக்க அவ்வுணர்வே மழுங்குகிறது. பின்னர் அவர் கண்டுபிடிக்கும் உபாயம் கொடியது: வெளிக்குப் போகும் தேவையே எழாதிருக்கட்டும் என்று சோற்றையும் தண்ணீரையும் தாமே குறைத்துக்கொள்கிறார். ‘வயதாகிவிட்டது, பசியில்லை’ என்று வீட்டார் நினைக்கின்றனர். நாணத்தால் பட்டினி கிடக்கும் முதியவரை நோயால் மெலிந்தவர் என்று கணக்கெழுதுவது நம் காலத்தின் குருட்டுத்தனங்களுள் ஒன்று.

மலம் கழியாமையால் உயிருக்கா ஆபத்து என்று கேட்போர் உண்டு. உண்டு என்பதே விடை. கடுமையாக முக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்குகிறது. ஏற்கெனவே மூளைக் குழாய் பழுதுற்றவருக்கு அது நல்லதன்று. மலக்குடலில் அடைத்த மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி, சிறுநீரையும் அடைக்கிறது. முதியவர் திடீரென இரவில் பிதற்றுகிறார், ஆளை அறியாமல் பேசுகிறார். மறுபடியும் வாதம் தாக்கிவிட்டதோ என்று வீடே கலங்குகிறது. சோதித்துப் பார்த்தால் சில வேளைகளில் பல நாள் மலம் தேங்கியிருப்பதே அப்பிதற்றலைத் தூண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றும் அறிகுறி ஒன்றுண்டு. இறுகிய மலம் பாறைபோல் அடைத்துக்கொண்ட பிறகு, அதன் மேலே தேங்கிய நீர்த்த மலம் இடுக்குவழியாகக் கசிந்து துணியை நனைக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை வாங்கிக் கொடுக்கின்றனர். அடைப்பு மேலும் இறுகுகிறது. ஈரத்தில் ஊறிய முதுகில் படுக்கைப்புண் கிளைக்கிறது. பல நாள் மலம் கழியாதிருந்து, பின்னர் சிறுகச் சிறுகக் கசியத் தொடங்கினால் முதலில் ஐயுற வேண்டியது அடைப்பையே. செவிலியர் கையுறை அணிந்து ஒரு விரலால் மலக்குடலைச் சோதித்தால் உண்மை புலப்பட்டுவிடும். அச்சோதனைக்குக் கருவி வேண்டா, மின்சாரம் வேண்டா. கூச்சத்தை விட்டொழித்த பயிற்சி ஒன்றே வேண்டும்.

இனி, அன்பின் பெயரால் செய்யப்படும் தீங்குகளைச் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் என்றதும் விளக்கெண்ணெயைக் காய்ச்சி வாயில் ஊற்றுவது நம் பழைய வழக்கம். விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு இவ்வாறு ஊற்றும் எண்ணெய் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகக்கூடும். அதனால் விளையும் நுரையீரல் அழற்சி உயிரைக் குடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இசப்கோல் உமி நல்ல பொருள்தான். ஆயினும் போதிய நீர் குடிக்க இயலாதவருக்கு அது உள்ளேயே களியாகி அடைப்பை வளர்க்கும். சோப்பு நீரால் எனிமா கொடுப்பது குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். பாஸ்பேட் எனிமாவோ சிறுநீரகம் தளர்ந்த முதியவரின் உடலுப்புகளைச் சீர்குலைக்கும்.

நாட்டு மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. மலமிளக்கிகளைப் பொறுத்தவரை உலகுக்கே வழங்கிய நாடு இது. நெல்லைச் சீமையின் நிலாவாரை இன்றும் ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரிலேயே அயல்நாட்டு மருந்து நூல்களில் நிற்கிறது. ஜவ்வாது மலைக் காடுகளில் கடுக்காய் பொறுக்கி விற்று வயிறு வளர்த்த குடும்பங்கள் பல. திரிபலையின் மூன்று காய்களில் அதுவும் ஒன்று. ஆனால் திடமான உடலோடு நடமாடுபவருக்கு ஏற்ற அளவு, படுத்த முதியவருக்கு ஏற்றதாகாது. வேகமாகப் பேதியாக்கும் மருந்தால் உடலின் நீரும் பொட்டாசியமும் வற்றிப்போனால் இதயம் தடுமாறும். சித்த மருத்துவரிடமாயினும் ஆங்கில மருத்துவரிடமாயினும், நோயாளிக்கு வாதம் தாக்கியதையும் விழுங்க முடியாமையையும் முதலில் சொன்ன பிறகே மருந்து கேட்க வேண்டும்.

முறையான மருத்துவம் அத்துணை அரியதன்று. அதற்கு ஒரு வரிசை உண்டு, அவ்வளவே. முதலில் கேட்க வேண்டும்: வாரத்தில் எத்தனை முறை, எப்படிப்பட்ட மலம், முக்க வேண்டியிருக்கிறதா, நோய்க்கு முன் வழக்கம் எப்படி இருந்தது? அடுத்துச் சோதிக்க வேண்டும். மலக்குடலில் அடைப்பு இருந்தால் அதை நீக்கிய பின்னரே மற்றவை. ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் அல்லது பிசகோடில் மாத்திரை, தேவையானால் தகுந்த எனிமா, அதுவும் பலிக்காவிட்டால் பயிற்சி பெற்றவர் கையால் எடுத்தல் என அது படிப்படியாக நடக்க வேண்டும். அதன்பின் நாள்தோறும் மலத்தை இளக்க லாக்டுலோஸ் அல்லது பாலிஎதிலீன் கிளைக்கால். போதாவிட்டால் குடலைத் தூண்டும் பிசகோடில் அல்லது சென்னா. லாக்டுலோஸும் பிசகோடிலும் நடுவண் அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை. விலையாலோ அருமையாலோ இவை மலைக்கு எட்டாதவை என்று எவரும் சொல்ல முடியாது.

மருந்தோடு பழக்கமும் சேர வேண்டும். காலை உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசைவது இயற்கை. ஆதலால் கஞ்சி குடித்த அரைமணி நேரத்துக்குள் நோயாளியை நாள்தோறும் ஒரே வேளையில் உட்காரவைக்க வேண்டும். படுத்தபடியே பாத்திரம் வைப்பதைவிட உட்காரவைப்பது பன்மடங்கு பயன் தரும். பாதத்தின் கீழ் சிறு பலகை வைத்து முழங்காலை இடுப்பைவிடச் சற்றே உயர்த்தினால், குந்தும் நிலையின் பயன் பாதியாவது கிட்டும். கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டி, விளிம்பைத் துணியால் சுற்றி, கீழே வாளி வைத்தால் ஒரு கழிப்பு நாற்காலி ஆயத்தம். சாயாதிருக்க அதைச் சுவரோரம் போட வேண்டும். செயலற்ற பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஒரு புடவையைக் கட்டி மறைப்பு ஏற்படுத்த வேண்டும். அம்மறைப்பு முதியவரின் மானத்துக்குத் தரும் மருந்து. அதை அலட்சியம் செய்தால் மற்ற மருந்துகள் வேலை செய்யா.

உணவில் மலையின் செல்வமே போதும். தீட்டாத சாமையை நன்றாகக் குழைய வேகவைத்துக் கூழாக்கலாம். முருங்கைக் கீரையை அரைத்துச் சேர்க்கலாம். பப்பாளியும் கொய்யாவும் மசித்துத் தரலாம். விழுங்கக் கடினப்படுபவருக்கு நீரைத் தனியே ஊற்றாமல் கூழாகவும் கெட்டியான மோராகவும் சிறுகச் சிறுகத் தர வேண்டும்; தலையையும் முதுகையும் நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவருக்கு மட்டும் நீரின் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா? நடந்திருக்கின்றன. 2004-இல் லண்டனில் 146 பக்கவாத நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குச் செவிலியர் ஒரே ஒருமுறை முறையாகக் கேட்டு, சோதித்து, வீட்டாருக்கும் அறிவுரை சொல்லி, மருத்துவருக்குப் பரிந்துரை எழுதினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்பிரிவினருக்கே இயல்பான மலப்போக்கு மிகுதியாக இருந்தது. புதிய மருந்து ஏதும் அங்குக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு செவிலியர் உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான்.

நம் நாட்டு ஆய்வு ஒன்றும் பாடம் சொல்கிறது. பக்கவாத நோயாளருக்கு வீட்டாரே பயிற்சி தந்து தேற்றலாமா என்று 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பைவிட அம்முறை கூடுதல் பயன் தரவில்லை. அது உடற்பயிற்சியைப் பற்றிய ஆய்வே, மலச்சிக்கலைப் பற்றியதன்று. எனினும் ‘குடும்பத்தார் பார்த்துக்கொள்வர்’ என்று சொல்லிப் பொறுப்பைக் கைகழுவுவோருக்கு அது தக்க எச்சரிக்கை. குடும்பம் உழைக்க ஆயத்தமாயிருக்கிறது; அதன் பக்கத்தில் பயிற்சி பெற்ற கை ஒன்று தொடர்ந்து நிற்க வேண்டும். கேரளத்தில் கோழிக்கோடும் மலப்புறமும் காட்டிய வழி அதுவே. அண்டை வீட்டுத் தொண்டர்களும் செவிலியரும் படுக்கையில் கிடப்போர் இல்லந்தோறும் சென்று பேணும் முறையை அங்கு வளர்த்தனர். 2008-இல் அம்மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது.

தமிழ்நாடு இவ்வகையில் கையற்ற நாடன்று. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வலிதணிப்புப் பராமரிப்பையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாயிலுக்கே கொண்டுசெல்வது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் அது பெற்றது. அத்திட்டத்தின் கண்ணியத்தை மதித்தே சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, பக்கவாத நோயாளி ஒருவரின் வீட்டுக்குச் செல்லும் பணியாளர் ஒவ்வொருவரும் மலப்போக்கைக் கேட்டுக் குறிப்பேட்டில் பதிவது கட்டாயமாக வேண்டும். மூன்று நாள் மலம் கழியவில்லையெனில் செவிலியர் அவ்வில்லத்துக்குச் செல்ல வேண்டும் என்ற விதி வேண்டும். இரண்டாவது, ஜமுனாமரத்தூரிலும் மலையின் ஏனைய ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணிபுரியும் செவிலியருக்கு மலக்குடல் சோதனையிலும் அடைப்பு நீக்கலிலும் விழுங்கும் ஆற்றலைச் சோதிப்பதிலும் பயிற்சி வேண்டும்; மலையாளி சமூகத்துப் பெண்களும் ஆண்களும் இப்பணிக்கு மிகுதியாகச் சேர்க்கப்பட வேண்டும். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் கேட்டால்தான் பலர் வாய்திறப்பர். மூன்றாவது, தேவையான மருந்துகளை மலைப்பகுதி நிலையங்களில் என்றும் கையிருப்பில் வைத்திருக்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழிசெய்ய வேண்டும்.

நான்காவது, கழிப்பு நாற்காலி. 2017-இல் தொடங்கிய நடுவண் அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் வறிய முதியோருக்கு வழங்கும் கருவிகளுள் இதுவும் உண்டு. முகாம் நடக்கும் ஊருக்குப் படுத்த நோயாளி வர முடியாது; ஆதலால் நாற்காலிதான் மலையேற வேண்டும். ஐந்தாவது, மலையில் இனிக் கட்டும் அரசு வீடுகளிலும் கழிப்பறைகளிலும் மேல்நாட்டு முறை இருக்கையும் கைப்பிடியும் தண்ணீரும் வாயிற்படி இல்லா வழியும், முதியோர் உள்ள வீடுகளுக்காவது அமைய வேண்டும். ஆறாவது, மூன்று மாவட்ட ஆட்சியரும் ஒருங்கு அமர்ந்து மலை முழுமைக்கும் ஒரே பராமரிப்பு ஏற்பாட்டை வகுக்க வேண்டும். மாவட்ட எல்லைக்கு அப்பால் இருப்பவர் என்ற சொல் நோயாளியின் செவியில் விழக்கூடாது.

சாலை வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், பெரிய மருத்துவமனை வேண்டும் என்று மலைமக்கள் கேட்பது நியாயமே; அவை யாவும் வந்தே ஆக வேண்டும். அவை வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது இது. செலவு சிறிது, பயன் பெரிது. இதையும் செய்யத் தவறினால் வறுமையையும் மலையையும் காரணம் காட்ட முடியாது. நம் அருவருப்பு ஒன்றே காரணம் என்று எழுத வேண்டிவரும்.

வீட்டாருக்கு ஒரு சொல். பக்கவாதம் கண்ட உங்கள் பெற்றோரிடம் நாள்தோறும் கூசாமல் கேளுங்கள். மூன்று நாள் கடந்தும் மலம் கழியாவிட்டாலும், கழியாதிருந்தது திடீரெனக் கசியத் தொடங்கினாலும் செவிலியரை அழையுங்கள். 104 என்ற எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். படுத்திருப்பவர் வாயில் எண்ணெயை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.